செயற்கைக் கனத் தனிமங்கள்: வட ஆற்காட்டு மாணவர்கள் கேட்ட கேள்விகளும் விடைகளும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வட ஆற்காட்டில் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணிப் பக்கத்துப் பள்ளிகளில் அழைக்கும்போது போய்த் தனிம வரிசை அட்டவணையைப் பற்றிப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் யுரேனியத்துக்கு அப்பால் வரும் தனிமங்களைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் எழுகின்றன. பாடநூலோ அவற்றைச் சில வரிகளில் கடந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை இங்கே விடைகளோடு எழுதி வைக்கிறேன்.

செயற்கைத் தனிமம் என்று எதைச் சொல்கிறோம்?

ஓர் அணுவின் கருவில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றன என்பதே அது எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிக்கிறது. பூமியில் தோண்டி எடுக்கக்கூடிய அளவில் கிடைக்கும் தனிமங்களில் மிகக் கனமானது 92 புரோட்டான்கள் கொண்ட யுரேனியம். அதற்கு அப்பால் 93 முதல் 118 வரை உள்ள 26 தனிமங்களையும் மனிதர்கள் அணு உலைகளிலும் துகள் முடுக்கிகளிலும் உருவாக்கியே அறிந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் இந்த 26 தனிமங்களைப் பற்றியது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நெப்டியூனியமும் புளூட்டோனியமும் யுரேனியத் தாதுக்களில் மிக நுண்ணிய அளவில் இயற்கையாகவே உண்டாகிக்கொண்டிருப்பது பின்னர் தெரியவந்தது. எனவே 'இயற்கையில் அறவே இல்லாதவை' என்று எழுதும் மாணவர்களுக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை. 'முதலில் செயற்கையாக உண்டாக்கி அறியப்பட்டவை' என்பதே சரியான தொடர்.

மனிதன் உண்டாக்கிய முதல் புதிய தனிமம் கனமானதும் இல்லை. அது 43-ஆம் இடத்தில் இருக்கும் டெக்னீசியம். அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கிக்குள் இருந்து துகள்களின் அடியை வாங்கிய மாலிப்டினத் தகடு ஒன்று இத்தாலியின் பலேர்மோ நகருக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்துதான் 1937-இல் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேயும் அந்தத் தனிமத்தைப் பிரித்துக் காட்டினார்கள்.

யுரேனியத்தை முதலில் தாண்டியவர் யார்?

தாண்டிவிட்டதாக முதலில் நம்பியவர் வேறு, உண்மையில் தாண்டியவர்கள் வேறு. 1934-இல் ரோம் நகரில் என்ரிகோ ஃபெர்மியின் குழு யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தியபோது அதுவரை காணாத கதிரியக்கம் தோன்றியது. நியூட்ரானை ஏற்ற கரு பீட்டாத் துகளை வெளியிட்டால் அதன் அணு எண் ஒன்று கூடும். ஆகவே 93, 94-ஆம் தனிமங்கள் கிடைத்துவிட்டன என்று எண்ணியதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. கரு உடைந்து சிறு துண்டுகளாகியிருக்கவும் கூடுமே என்று அதே ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் இடா நோடாக் எழுதினார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் பேரியம் உண்டாவதைக் கண்டார்கள். லீஸ் மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் அதற்கு விளக்கம் தந்தார்கள். ஃபெர்மி கண்டவை பெரும்பாலும் உடைந்த யுரேனியத்தின் துண்டுகளே என்பது அப்போது தெளிவாயிற்று. அதே மாதத்தில்தான் ஃபெர்மிக்கு நோபல் பரிசும் வழங்கப்பட்டது.

உண்மையான 93-ஆம் தனிமம் அந்தத் துண்டுகளைத் தேடும் வேலையில் அகப்பட்டது. பெர்க்லியில் எட்வின் மெக்மில்லன் மெல்லிய யுரேனியப் படலத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி, உடைந்த துண்டுகள் எவ்வளவு தொலைவு பறக்கின்றன என்று பார்த்தார். துண்டுகள் பறந்துவிட்டன, ஆனால் இரண்டு கதிரியக்கங்கள் படலத்தை விட்டு நகரவே இல்லை. ஒன்றின் அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், ஏறத்தாழ 23 நிமிடம், மற்றொன்றுக்கு 2.3 நாள். பிளவுபடாத கருவே அப்படி இருந்த இடத்தில் இருக்கும். 1940-இல் பிலிப் ஏபெல்சன் அவரோடு சேர்ந்து வேதியியல் சோதனைகளைச் செய்தார். அட்டவணையின் அன்றைய அமைப்புப்படி 93-ஆம் தனிமம் ரீனியத்தைப் போல நடந்துகொள்ள வேண்டும். அதுவோ யுரேனியத்தைப் போல நடந்துகொண்டது. யுரேனஸுக்கு அடுத்த கோளின் பெயரால் அதற்கு நெப்டியூனியம் என்று பெயரிட்டார்கள்.

எதிர்பார்த்ததைத் தேடியவர் தவறவிட்டதும், பறக்காமல் நின்றதைக் கவனித்தவர் கண்டெடுத்ததும் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

புளூட்டோனியமும் அதற்குப் பின் வந்தவையும்?

1941 பிப்ரவரியில் பெர்க்லியில் கிளென் சீபோர்க், ஆர்தர் வால், ஜோசப் கென்னடி ஆகியோர் 94-ஆம் தனிமத்தை வேதியியல் முறையில் இனங்கண்டார்கள். அதன் ஒரு சேர்மம் முதன்முதலில் தராசில் வைத்து எடையிடப்பட்டது 1942 செப்டம்பர் 10-ஆம் நாள், எடை 2.77 மைக்ரோகிராம். மூன்றே ஆண்டுகளில் அது நாகசாகியின் மீது வீசப்பட்ட குண்டாயிற்று. இந்த அறிவு பிறந்த சூழலை மாணவர்களிடம் மறைப்பதை நான் ஏற்பதில்லை.

1944-இல் அமெரிசியமும் கியூரியமும் கிடைத்தன. அவற்றைத் தேடித் தோல்வி கண்டுகொண்டிருந்தபோதுதான் சீபோர்க், இந்தத் தனிமங்கள் லாந்தனைடுகளைப் போலத் தனி வரிசையாக அட்டவணைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று முன்மொழிந்தார். இன்று உங்கள் புத்தகத்தில் ஆக்டினைடுகள் என்று தனியே அச்சிடப்பட்டிருக்கும் வரிசை அப்படி வந்ததே. 1949-இல் பெர்க்கீலியமும் 1950-இல் கலிஃபோர்னியமும் பெர்க்லியிலேயே கண்டுபிடிக்கப்பட்டன.

99-உம் 100-உம் வந்த வழி வேறு. 1952 நவம்பர் 1-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் எனிவெட்டோக் பவளத்தீவில் அமெரிக்கா முதல் பெரிய ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. மேகத்துக்குள் விமானங்களை ஓட்டி வடிதாள்களில் பிடித்த தூசியிலும், பின்னர் தீவில் அள்ளிய பவளச் சிதைவிலும் ஐன்ஸ்டீனியமும் ஃபெர்மியமும் இருந்தன. வெடிப்பின் கண்ணிமைப் பொழுதில் ஒரு யுரேனியக் கரு பதினைந்து, பதினேழு நியூட்ரான்களை அடுத்தடுத்து விழுங்கியிருந்தது. இந்தச் செய்தி சில ஆண்டுகள் இரகசியமாகவே வைக்கப்பட்டது.

அணு உலையிலேயே தொடர்ந்து நியூட்ரான்களை ஊட்டி 118 வரை போயிருக்கக் கூடாதா?

ஆரணியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. மிக நல்ல கேள்வி. உலை வழி ஃபெர்மியத்தோடு அடைபட்டுவிடுகிறது. ஃபெர்மியம்-257-இன் (257 என்பது கருவிலுள்ள புரோட்டான்கள், நியூட்ரான்களின் மொத்தம்) அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 100 நாள். அது இன்னொரு நியூட்ரானை ஏற்று ஃபெர்மியம்-258 ஆனால், அந்தக் கரு ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் தானாகவே இரண்டாகப் பிளந்துவிடும். அடுத்த படிக்கு ஏற நேரமே இல்லை. அதனால் 101 முதல் ஒரு கருவை இன்னொரு கருவோடு மோதவிட்டு இணைக்க வேண்டியதாயிற்று.

1955-இல் மெண்டலீவியம் அப்படித்தான் வந்தது. அன்று உலகில் இருந்த ஐன்ஸ்டீனியத்தில் ஏறத்தாழ நூறு கோடி அணுக்களைப் பொன் தகட்டில் படியவைத்து ஆல்ஃபாத் துகள்களால், அதாவது இரண்டு புரோட்டான்கள் கொண்ட ஹீலியம் கருக்களால், அடித்தார்கள். நூறு கோடி என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும் அது கண்ணுக்கோ தராசுக்கோ எட்டாத அளவே. தொடர்ச்சியான சோதனைகளில் கிடைத்த புதிய அணுக்கள் மொத்தம் பதினேழு.

இரண்டு கருக்களை எப்படி ஒட்ட வைக்கிறார்கள்?

வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அகழியைத் தாண்டாமல் மதிலைத் தொட முடியாது. இரண்டு கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன; அந்த மின் விலக்கமே அகழி. கருக்களைப் பிணைக்கும் வலிய விசை, இரண்டும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் தொலைவில்தான் வேலை செய்யும். எனவே எறியும் கரு ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். வேகம் குறைந்தால் விலகிப் போகும்; கூடினால் இணைந்த கரு சூடேறி உடைந்துபோகும். சரியான வேகத்தில் வந்தாலும் பெரும்பாலான மோதல்கள் இணைப்பில் முடிவதில்லை. நொடிக்குச் சில லட்சம் கோடி கருக்களைப் பல வாரங்கள் இடைவிடாது செலுத்தி, ஓரிரு அணுக்களைப் பெறுகிறார்கள். கற்றையின் சூட்டில் இலக்கு உருகிவிடாதபடி அதைச் சக்கரத்தில் பொருத்திச் சுழலவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகம் ஈயத்தையும் பிஸ்மத்தையும் இலக்காக வைத்து, 1981 முதல் 1996 வரை 107 முதல் 112 வரையிலான தனிமங்களை உண்டாக்கியது. 1982 ஆகஸ்டில் 109-ஆம் தனிமம் அங்கே கண்டறியப்பட்டது ஒரே ஓர் அணுவைக் கொண்டுதான். அதற்கு மேலே அந்த வழியில் விளைச்சல் மிகவும் குறைந்துவிட்டது. ரஷ்யாவின் துப்னாவில் யூரி ஒகனேசியனின் குழு, அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தோடு சேர்ந்து, வேறு வழியைப் பிடித்தது: கால்சியம்-48 கற்றையைப் புளூட்டோனியம், கியூரியம், கலிஃபோர்னியம் போன்ற ஆக்டினைடு இலக்குகளின் மீது செலுத்துவது. 114 முதல் 118 வரை எல்லாம் இந்த வழியில் வந்தவை.

கால்சியம்-48-இல் 20 புரோட்டான்களும் 28 நியூட்ரான்களும் உள்ளன. இலேசான கரு ஒன்றுக்கு இது அபூர்வமான நியூட்ரான் செல்வம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பில் இருப்பதும் கால்சியமே. ஆனால் அதில் ஆயிரம் அணுக்களுக்கு ஏறத்தாழ இரண்டுதான் இந்த வகை. அதைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவுதான் கற்றையின் விலை.

இலக்கின் கதை இதைவிடக் கடினமானது. 117-க்குப் பெர்க்கீலியம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் உலையில் 250 நாள் நியூட்ரான் ஊட்டி, பிறகு 90 நாள் தூய்மைப்படுத்திக் கிடைத்தது 22 மில்லிகிராம். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 330 நாள். ஆவணங்களில் இருந்த குறைகளால் சுங்க அதிகாரிகள் திருப்பியனுப்ப, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக் கடலை ஐந்து முறை கடந்தது. ஒவ்வொரு நாளும் உள்ளே இருந்த பொருள் குறைந்துகொண்டே இருந்தது. 2009-இன் பிற்பகுதியில் தொடங்கிய சோதனையின் முடிவில் 117-ஆம் தனிமத்தின் ஆறு அணுக்கள் பதிவாயின.

ஒரே ஓர் அணு உண்டானதை எப்படி நம்புவது? யாராவது பார்த்தார்களா?

யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஓர் அணு அழிந்த முறையை வைத்தே அது பிறந்ததை அறிகிறோம். இந்தத் துறையின் உயிர்நாடியே இதுதான் என்று நான் கருதுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மோதலில் உண்டான புதிய கரு இலக்கிலிருந்து முன்னோக்கித் தள்ளப்பட்டு வெளியே வரும். காந்தப் புலங்கள் கொண்ட பிரிப்பான் ஒன்று, இணையாமல் வந்த கோடிக்கணக்கான துகள்களை ஒதுக்கிவிட்டு, அந்தக் கனமான கருவைச் சில மைக்ரோ நொடிகளில் ஒரு சிலிக்கான் உணர்கருவியின் மீது பதிய வைக்கும். பதிந்த இடமும் நேரமும் குறிக்கப்படும். சற்று நேரத்தில் அதே புள்ளியிலிருந்து குறிப்பிட்ட ஆற்றலோடு ஓர் ஆல்ஃபாத் துகள் வெளிவரும். அணு எண் இரண்டு குறையும். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. இறங்கும் படிகள் கடைசியில் நாம் ஏற்கெனவே நன்கறிந்த ஒரு கருவில் போய் முடிந்தால், எத்தனை படி இறங்கினோம் என்று எண்ணி, தொடங்கிய இடம் எது என்று சொல்லிவிடலாம். மகனை அறிந்தால் தந்தையை, தந்தையை அறிந்தால் பாட்டனை அடையாளம் காண்பது போன்றது.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கோசுகே மொரிட்டாவின் குழு பிஸ்மத்தின் மீது துத்தநாகக் கருக்களைச் செலுத்தி 113-ஐத் தேடியது. 2004-இல் ஓர் அணு, 2005-இல் இன்னோர் அணு கிடைத்தன. இரண்டிலும் நான்கு ஆல்ஃபாப் படிகளுக்குப் பிறகு கரு இரண்டாகப் பிளந்துபோயிற்று. நடுவில் வந்த கருக்களைப் பற்றிய அறிவு போதாது என்று, கண்டுபிடிப்பு யாருடையது எனத் தீர்மானிப்பவர்கள் ஏற்கவில்லை. அடுத்த அணுவுக்கு ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2012 ஆகஸ்டில் வந்த மூன்றாவது அணு ஆறு படிகள் இறங்கி, மெண்டலீவியம் வரை போய், எல்லா இணைப்புகளையும் உறுதி செய்தது. 2015-இன் இறுதியில் அந்தத் தனிமம் அவர்களுடையது என்று ஏற்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் மூன்று அணுக்கள்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1999-இல் பெர்க்லியின் ஒரு குழு 118-ஆம் தனிமத்தைக் கண்டதாக வெளியிட்டது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்த சோதனைகளில் அது மீண்டும் கிடைக்கவில்லை. பெர்க்லியிலேயே மறுபடி செய்தபோதும் கிடைக்கவில்லை. மூலத் தரவை மீண்டும் அலசியபோது, சொல்லப்பட்ட சிதைவுச் சங்கிலிகள் அதில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணுக்காக அளவீட்டைத் 'திருத்தி' எழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் இருப்பதை நான் அறிவேன். என் மாணவர்களுக்கு இந்த நிகழ்ச்சியை ஒரு முறையாவது சொல்லாமல் நான் ஆண்டை முடித்ததில்லை.

இவை ஏன் இவ்வளவு விரைவில் அழிகின்றன?

புரோட்டான்கள் கூடக் கூட அவற்றுக்கிடையே உள்ள மின் விலக்கம் வளர்கிறது. வலிய விசையோ அண்டையில் இருப்பவற்றை மட்டுமே பிணைக்கிறது. யுரேனியம்-238-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். புளூட்டோனியம்-239-க்கு ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். 118-ஆம் தனிமமான ஒகனெசான்-294-க்கு ஒரு மில்லி நொடிகூட இல்லை.

இந்த இறக்கம் நேர்கோட்டில் போகவில்லை என்பதுதான் சுவையான செய்தி. எலக்ட்ரான்களுக்குக் கூடுகள் இருப்பதைப் போலக் கருவுக்குள்ளும் கூடுகள் இருப்பதை 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே விளக்கினார்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கைகளில் கரு மிகவும் உறுதியாக இருக்கும். அடுத்த உறுதியான இடம் 114 புரோட்டான்களும் 184 நியூட்ரான்களும் கொண்ட கருவின் அருகில் இருக்கலாம் என்று 1960-களில் கணித்து, அதற்கு நிலைப்புத் தீவு என்று பெயர் வைத்தார்கள். இதுவரை அந்தத் தீவின் நடுவை யாரும் தொடவில்லை, ஏனென்றால் போதிய நியூட்ரான்கள் கொண்ட கற்றையும் இலக்கும் நம்மிடம் இல்லை. ஆனால் கரையை நெருங்கும் அறிகுறி இருக்கிறது. 112-ஆம் தனிமத்தில் நியூட்ரான்கள் எட்டு கூடியபோது, ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக இருந்த ஆயுள் ஏறத்தாழ அரை நிமிடமாக நீண்டது. தீவில் இருப்பவை எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் கணிப்புகள் பெரிதும் வேறுபடுகின்றன. தங்கத்தைப் போல என்றும் நிலைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சில அணுக்களை வைத்து வேதியியல் செய்ய முடியுமா? அவற்றின் பண்புகள் என்ன?

முடியும். நிறம், உருகுநிலை போன்றவற்றை அளக்க இயலாது. ஆனால் ஓர் அணு ஒரு பரப்பில் எளிதில் ஒட்டுகிறதா, எந்த வெப்பநிலையில் ஒட்டுகிறது என்பதை அளக்கலாம். 2001-இல் டார்ம்ஸ்டாட்டில் 108-ஆம் தனிமமான ஹாசியத்தின் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களை ஆக்சிஜனோடு சேர்த்து, ஆஸ்மியத்தைப் போலவே அது ஆவியாகக்கூடிய டெட்ராக்சைடு தருவதைக் காட்டினார்கள். 2014-இல் சீபோர்கியம் கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்த சேர்மம் ரிக்கெனில் கிடைத்தது. இரண்டும் அட்டவணையில் தங்களுக்கு மேலே இருக்கும் தனிமங்களின் வழியிலேயே நடந்தன.

எல்லாத் தனிமமும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கரு கனமாகும்போது உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தை அடைகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையின்படி அவற்றின் நிறை கூடி, சுற்றுப்பாதைகள் சுருங்குகின்றன. இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீபுரம் பொற்கோயில் வரை போனால் போதும். தங்கத்தின் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இருப்பதால் அதன் ஆற்றல் மட்டங்கள் நெருங்கி, அது நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாக மின்னுகிறது. அந்த விளைவு இல்லையென்றால் அந்தக் கோபுரம் வெள்ளியைப் போலத்தான் இருந்திருக்கும். பாதரசம் திரவமாக இருப்பதற்கும் இதே காரணம் உண்டு.

பாதரசத்துக்குக் கீழே இருக்கும் கோப்பர்நீசியத்தில் இந்த விளைவு இன்னும் கடுமையாகிறது. பொன் பரப்பின் மீது அதைச் செலுத்தியபோது அது பாதரசத்தைவிட எளிதில் ஆவியாவதாகத் தெரிந்தது. ஈயத்துக்குக் கீழே இருக்கும் ஃபிளெரோவியமும் ஈயத்தைப் போலக் கனத்துக் கிடக்காமல் எளிதில் ஆவியாகும் இயல்பைக் காட்டுகிறது. உயரிய வாயுக்களின் நிரலில் நிற்கும் ஒகனெசான் அறை வெப்பநிலையில் வாயுவாக இல்லாமல் திண்மமாக இருக்கலாம் என்பது கணக்கீடு. சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அது வாழ்வதில்லை. ஒரே நிரலில் இருந்தால் ஒரே குணம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

சித்தர்கள் சொன்ன ரசவாதம் இதுதானா?

ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்றுவது என்ற ஆசை ஒன்றே, வழி ஒன்றல்ல. மூலிகையும் உலைத்தீயும் எலக்ட்ரான்களை மட்டுமே தொடும், கருவைத் தொடா. முடுக்கியைக் கொண்டு பிஸ்மத்திலிருந்து தங்க அணுக்களை உண்டாக்கியதுண்டு. சீபோர்க் இடம்பெற்ற குழுவே 1980-இல் அதைச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தங்கத்துக்கு ஆன செலவை எண்ணினால் நகைக்கடைக்குப் போவதே சிக்கனம்.

பெயர் வைப்பது யார்? ஏன் சண்டை?

கண்டுபிடித்தவர்கள் முன்மொழிய, பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் முடிவு செய்கிறது. பனிப்போர்க் காலத்தில் 104, 105-ஆம் தனிமங்களுக்குச் சோவியத் நாட்டவரும் அமெரிக்கரும் தனித்தனியே உரிமை கோரி, தனித்தனிப் பெயர்களை அச்சிட்டு வந்தார்கள். 1997-இல்தான் 104 முதல் 109 வரை எல்லாரும் ஏற்ற பெயர்கள் அமைந்தன. சீபோர்கியம், உயிரோடு இருப்பவரின் பெயர் தாங்கியதால் கடும் எதிர்ப்புக்குப் பின் நிலைத்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற இரண்டாமவர் ஒகனேசியன்.

இவற்றால் நமக்கு என்ன பயன்?

103-க்கு மேற்பட்டவற்றால் இன்று வீட்டுக்கோ தொழிலுக்கோ பயன் ஏதும் இல்லை. கரு எதனால் நிற்கிறது, எதனால் உடைகிறது என்ற அறிவே அவற்றின் விளைச்சல், அதுவே போதிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கீழே இருப்பவற்றின் கதை வேறு. 2023 ஆகஸ்டில் நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி, தரையில் கந்தகம் இருப்பதைக் கண்டது நினைவிருக்கும். அதிலிருந்த ஒரு கருவி கியூரியம்-244-இன் ஆல்ஃபாத் துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் நிலவு மண்ணின் மீது செலுத்தி, திரும்பி வரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அடையாளம் கண்டது. பூமியில் தோண்டி எடுக்க முடியாத ஒரு தனிமத்தை நாம் நிலவுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். 1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களுக்கு மின்சாரம் தருவது புளூட்டோனியம்-238-இன் வெப்பம். புகை உணர்கருவிகள் சிலவற்றில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அமெரிசியம் இருக்கிறது. நம் மாநிலத்தின் கிழக்குக் கரையில், கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் அதிவேக ஈனுலை, புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளில் தொடங்கியது.

வேலூரில் இருப்பவர்களுக்கு மிக அருகில் இருக்கும் செயற்கைத் தனிமம், கனமானதாக இல்லாவிட்டாலும், டெக்னீசியமே. சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் எலும்பு, தைராய்டு, சிறுநீரகம் இவற்றை 'ஸ்கேன்' எடுக்கும்போது உடலில் செலுத்தப்படுவது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரமே என்பதால் சேமித்து வைக்க இயலாது. மாலிப்டினம்-99 அடங்கிய சிறு கலனிலிருந்து அதை அவ்வப்போது பசுவிடம் பால் கறப்பது போல எடுத்துக்கொள்கிறார்கள்.

இவை இயற்கையில், விண்மீன்களில் உண்டாவதில்லையா?

உண்டாகின்றன. நியூட்ரான் விண்மீன்கள் மோதும் இடங்களில், ஹைட்ரஜன் குண்டில் நடந்ததைப் போல ஆனால் எண்ணிப் பார்க்க முடியாத அளவில், கருக்கள் நியூட்ரான்களை விழுங்குகின்றன. 2017 ஆகஸ்ட் 17-இல் அப்படியொரு மோதல் ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் அறியப்பட்டது. ஏறத்தாழ 8 கோடி ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட புளூட்டோனியம்-244 விண்ணிலிருந்து வந்து பசிபிக் கடலடிப் பாறைப் படிவில் சேர்ந்திருப்பது 2021-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், அங்கே 1986 முதல் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியின் அருகில் நிற்கும்போது இதையும் ஒரு முறை சொல்லலாம்.

கதிரியக்கம் என்பதால் ஆபத்து இல்லையா?

புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம் ஆகியவை மூச்சோடு உள்ளே போனால் எலும்பிலும் கல்லீரலிலும் தங்கிப் பெருந்தீங்கு செய்யும். ஆல்ஃபாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும் என்பது உடலுக்கு வெளியே இருக்கும் வரைதான் ஆறுதல். பழைய புகை உணர்கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

119-ஆம் தனிமம் எப்போது வரும்?

நாள் சொல்ல முடியாது. கால்சியம்-48 வழி இங்கே முடிந்துவிட்டது. 119-க்கும் 120-க்கும் ஐன்ஸ்டீனியத்தையும் ஃபெர்மியத்தையும் இலக்காக வைக்க வேண்டும், அந்த அளவுக்கு அவை கிடைப்பதில்லை. எனவே எறியும் கருவைக் கனமாக்குகிறார்கள். ரிக்கென் வனேடியத்தைக் கியூரியத்தின் மீது செலுத்தி 119-ஐத் தேடுகிறது. பெர்க்லி 2024-இல் டைட்டானியம்-50 கற்றையால் 22 நாளில் 116-ஆம் தனிமமான லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களை உண்டாக்கி, இந்த வழியும் பலன் தரும் என்று காட்டியது. அவர்களுடைய குறி 120.

எங்கள் வகுப்பறைச் சுவர்ப்படத்தில் 109 வரைதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

புதுப்படம் வாங்க நிதி இல்லையென்றால் பழையதைக் கழற்ற வேண்டாம். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். 110 டார்ம்ஸ்டாட்டியம், 111 ரோயன்ட்ஜெனியம், 112 கோப்பர்நீசியம், 113 நிஹோனியம், 114 ஃபிளெரோவியம், 115 மாஸ்கோவியம், 116 லிவர்மோரியம், 117 டென்னசீன், 118 ஒகனெசான். இவற்றோடு ஏழாம் வரிசை நிரம்பிவிடும். தாளின் அடியில் எட்டாம் வரிசைக்கு இரண்டு கட்டங்களை வரைந்து, எண்ணை மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.